உதவிக்கு வந்தவர்கள்

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் நலந்தானே? குட்டிக்கு இரண்டாம் வகுப்பு தொடங்கியிருக்குமே, எப்படிப் போகிறது? போன கடிதத்திலும் அதைப் பற்றி நீ மூச்சு விடவில்லை.

என்னைத் தலைமையாசிரியை ஆக்கி இரண்டு வாரம் ஆகிறது. வாழ்த்தையெல்லாம் அப்புறம் சொல், முதலில் என் கதையைக் கேள். ஐந்து வகுப்பு, நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், என்னையும் சேர்த்து நான்கு ஆசிரியைகள். அதில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போய்விட்டாள். பதிலுக்கு ஆள் கேட்டால் அலுவலகத்தில் "பார்க்கலாம்" என்கிறார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் அந்தக் குழந்தையே என் பள்ளியில் சேர வந்துவிடும்.

இரண்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். அதில் பதினான்கு பேருக்கு ஒரு வரியைச் சேர்த்துப் படிக்க வரவில்லை. இப்படியே மூன்றாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டால் இவர்களைத் திரும்பிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, வாரத்துக்கு ஒரு மணி நேரம் யாராவது வந்து உதவ முடியுமா என்று கேட்டுவிட்டேன்.

நாலைந்து பேர் வருவார்கள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை இருபத்துமூன்று பேர் வந்து நின்றார்கள். வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அரை மணி நேரம்தான். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நாலாம் வகுப்பு வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "நான் என்ன பண்ணணும் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினோரு மணிக்கு "அப்ப நான் கிளம்பட்டுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே சுவரில் ஆளுக்கொரு மரம் வரைந்து, எது அழகு என்று பிள்ளைகளிடம் ஓட்டுக் கேட்டார்கள். தெருமுனைத் தையற்கடை அம்மா மட்டும் ஒரு பையனின் சட்டைக்குப் பொத்தான் தைத்தார். அன்றைக்கு உருப்படியாக நடந்த வேலை அது ஒன்றுதான். எங்கள் கணக்கு டீச்சர் சொன்னாள்: "இவங்களைப் பாத்துக்க இன்னும் நாலு பேர் வேணும் போலிருக்கே!"

நீ பட்டறையில் பதினான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறாய். ஒரு வழி சொல்லேன்.

நம் ஒப்பந்தப்படி வேறு யாரைப் பற்றியும் இதில் எழுதவில்லை.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? தலைமையாசிரியை ஆனதற்கு வாழ்த்து.

இதை எழுத நான்கு சாயங்காலம் ஆயிற்று. பிழைகளை எண்ணாதே. போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனாலும், "எழுத வராதுன்னு விட்டுடாதே, மாசம் ஒரு கடிதம் போடு" என்று நான் வீட்டை விட்டு வந்த நாளில் நீதான் சொன்னாய். பதினாறு வருடமாகப் போடுகிறேன். அப்பாவைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதாமல் இருப்பதற்கு நன்றி. உன் வீட்டில்தான் இருக்கிறார் என்பது தெரியும். அது போதும்.

உன் கேள்விக்கு வருகிறேன். இருபத்துமூன்று பேரையும் ஒரே நாளில் உள்ளே விட்டதுதான் தப்பு. நான் புதிதாக ஒருவர் வந்தால் தச்சு மேசைக்கே விடமாட்டேன். முதலில் உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்பேன். என்ன வரும்? எப்போது வர முடியும்? பிறகு ஒரு ஆளுக்கு ஒரு வேலை. அந்த வேலை எப்போது முடிந்தது என்று அவருக்கே தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரிய வேண்டும். எல்லோரிடமும் கேட்கலாம் என்றால் அந்தப் பார்சல்காரர் மாதிரிதான் ஆகும்.

இன்னொன்று. உங்களுக்குப் பிடிக்காத வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதே. கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேலை பழகுகிறவன் ரம்பத்தைத் தப்பாகப் பிடித்தால் என் கை தானாகப் போகும். அதனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். பிள்ளைகளோடு படிக்க உட்காருகிறவர்களும் அப்படி வாயைக் கட்டிக்கொள்ள வேண்டுமோ என்னவோ. அவர்களுக்கு நீ என்ன சொல்லிக்கொடுக்கிறாய்? விவரமாக எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

குட்டி நன்றாக இருக்கிறாள்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை ஆசிரியைகளின் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. "உங்க தம்பியை இங்க மாத்தல் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் கணக்கு டீச்சர்.

நீ சொன்னபடி ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். இருபத்துமூன்று பேர் பதினொன்றாகக் குறைந்தார்கள். குறைந்ததே நல்லது. பார்சல்காரருக்குக் காலை பத்திலிருந்து பதினொன்று வரை சும்மா இருக்கும் நேரம். அவர் புதன்கிழமை நூலகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகிறார். "இதுவும் டெலிவரிதானே டீச்சர்!" கல்லூரிப் பெண்கள் எழுத்து அட்டைகள் செய்கிறார்கள். சுவரில் இருந்த இரண்டு மரமும் அப்படியே இருக்கின்றன.

தையற்கடை அம்மாவுக்குத் தும்பியைக் கொடுத்தேன். இரண்டாம் வகுப்புப் பெண், ஒரு இடத்தில் நிற்கமாட்டாள், அதனால் அந்தப் பெயர். படி என்று புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் கல்லாகிவிடுவாள். முதல் வாரம் அந்த அம்மா பாசத்தில் எல்லாச் சொல்லையும் தானே சொல்லிவிட்டார். தும்பி ஜம்மென்று எதிரொலி கொடுத்தாள். ஒரு எழுத்தும் பார்க்கவில்லை. பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை, கால் மணி நேரம், அதே ஆள், அதே இடம். படிக்கும் வரியை மட்டும் காட்டும்படி நடுவில் சன்னல் வெட்டிய அட்டை ஒன்றை வைத்துக்கொள்கிறோம். விவரமாகக் கேட்டாய், எழுதிவிட்டேன். ஏன் கேட்டாய்?

தலைவலி முழுவதும் போகவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் வருகிறார்கள், வியாழக்கிழமை ஈ, காக்கை இல்லை. யார் எப்போது வருவார்கள் என்பதை நினைவில் வைக்க எனக்கு இன்னொரு தலை வேண்டும்.

அப்புறம் ஒரு பெரியவர். எழுபது தாண்டியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் எட்டரைக்கே வந்துவிடுகிறார். கல்லூரிப் பெண்கள் நாலு நிமிடம் தாமதம் என்று எல்லோர் முன்னாலும் கடிகாரத்தைக் காட்டினார். ஒன்றாம் வகுப்பு டீச்சரின் கரும்பலகைக் கோடு கோணல் என்றார். அவள் கழிப்பறையில் போய் அழுதாள். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்புடன்,
அக்கா


ஆகஸ்டு 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா?

அந்தப் பெரியவரை அனுப்பிவிடாதே. எங்கள் பட்டறையிலும் ஒருவர் இருக்கிறார், பாலிஷ் போட்டவர். கை நடுக்கம் வந்த பிறகு எல்லோரிடமும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி நிறுத்தச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இத்தனை வருஷத்துல எந்த வேலை உங்க அளவுக்கு வேற யாருக்கும் வராது?" என்று கேட்டேன். பக்கத்தில் கிடந்த பலகையில் கையை வைத்தார். "மரத்தைத் தொட்டா ஈரம் தெரியும்" என்றார். இப்போது மரம் வாங்க அவரைத்தான் கூட்டிப்போகிறேன். வாய் குறைந்துவிட்டது.

உன் பெரியவர் என்ன வேலை பார்த்தவர்? அதையே கொடு. காலை எட்டரைக்கு ஒருவர் வந்து நிற்கிறார் என்றால் அவருக்கு வீட்டில் பேச ஆள் இல்லை என்று அர்த்தம். பாவம். நீ தினமும் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசு.

தும்பியைப் பற்றி இன்னும் எழுது. அவளுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரிகிறதா? 'தலை' என்பதை 'லதை' என்று படிக்கிறாளா? காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறாளா? அவளுடைய அம்மா அப்பா என்ன சொல்கிறார்கள்? ஐந்து வரை எண்ணுவதை என் வீட்டுக்காரிக்கும் சொன்னேன். நல்ல யோசனை என்றாள்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்டு 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் நம் அப்பா.

நான் கூப்பிடவில்லை. கூட்டத்து நோட்டீஸ் வீட்டில் மேசைமேல் கிடந்தது. இரண்டாவது திங்கட்கிழமை, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் வந்து நின்றார். மறுநாளே உனக்கு எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்தம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். யாரோ என்று எழுதினால் நீ நியாயமாகப் பதில் சொல்வாய் என்று தோன்றியது. நியாயமாகத்தான் சொன்னாய். அதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ சொன்னதையே செய்தேன். முப்பது வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவருக்கு வேறு என்ன கொடுப்பது? பள்ளி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு நோட்டு. யார், எந்த நாள், எந்த மணி, எந்த வகுப்பு. ஒரே வாரத்தில் வியாழக்கிழமை நிரம்பிவிட்டது. முதல் நாளே எல்லோருக்கும் போன் போட்டு நினைவுபடுத்துகிறார். வராதவருக்குப் பதில் ஆள் வைத்திருக்கிறார். பள்ளி தன் காலில் நிற்க ஆரம்பித்தது.

போன வியாழக்கிழமை தையற்கடை அம்மாவுக்குக் காய்ச்சல். மாற்று ஆளும் வரவில்லை. நான் கல்வி அலுவலகத்தில் இருந்தேன். தும்பி புத்தகத்தோடு காத்திருக்கிறாள். நோட்டில் அந்த நேரத்துக்கு எதிரே ஆள் இல்லை. காலி இடத்தை விட்டுவைக்க அப்பாவுக்கு வராது. தானே போய் உட்கார்ந்துவிட்டார். 'பாடம்' என்பது மூன்று முறை 'படாம்' என்று வந்திருக்கிறது. நாலாவது முறை மேசையை அறைந்து அவர் போட்ட சத்தம் ஐந்தாம் வகுப்பு வரை கேட்டதாம்.

நான் வந்தபோது தும்பி மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். கூப்பிட்டால் வரவில்லை. நானும் தரையில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து என் வளையலைத் தொட்டாள். சாயங்காலம் அவள் அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்: "இனிமே பிள்ளைங்க பக்கத்துல நீங்க உக்கார வேண்டாம்ப்பா."

"ஒரு தடவை சத்தம் போட்டதுக்கா?"

"ஒரு தடவையாப்பா? தம்பியை மறந்துட்டீங்களா?"

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று, "கேட்டு மேசைக்கு மட்டும் வரலாமா?" என்று கேட்டார். என்னிடம் அவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. வரச் சொன்னேன். சரியா தப்பா தெரியவில்லை.

மன்னித்துவிடு.

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாகிறது. நீ நலமா? குட்டிக்கும் அவள் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? திட்டியாவது எழுது. தும்பி பள்ளிக்கு வருகிறாள். தையற்கடை அம்மாவிடம் மறுபடியும் உட்காருகிறாள், சுவரோரமாக, கதவைப் பார்த்தபடி.

அக்கா


நவம்பர் 4

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் இரண்டு கடிதமும் வந்தன.

பாவம் என்று எழுதினேன். அவரைப் பற்றி, என் கையாலேயே. அதை எழுத வைத்துவிட்டாயே என்றுதான் முதலில் ஆத்திரம். பிறகு தும்பி மேசைக்கு அடியில் போனதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எனக்குப் பத்து வயது. அவர் டிப்போவிலிருந்து வந்து சட்டைகூட மாற்றமாட்டார். புத்தகத்தை எடு என்பார். கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பேன். எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடும். ஒரு தப்புக்கு ஒரு அடி. அந்தப் புத்தகத்தாலேயே அடிப்பார். நீ சமையலறையில் இருப்பாய். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிடும். நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு அப்போது பதினெட்டு வயது. ஒரு தடவைகூட வெளியே வரவில்லை நீ. அம்மாவும் வரவில்லை. அம்மா போய்விட்டார், கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன். ஏன் வரவில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்டிக்கும் எழுத்து நிற்கவில்லை. என்னைப் போலவே. அதனால்தான் தும்பியைப் பற்றி அவ்வளவு கேட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், என் பெண்ணுக்குப் படிக்க வரவில்லை.

உன் ஆகஸ்டுக் கடிதம் வந்த அடுத்த வாரம் அவளோடு உட்கார்ந்தேன். ஐந்து வரை எண்ணினேன். பத்து வரையும் எண்ணினேன். பிறகு கத்திவிட்டேன். என் வாயிலிருந்து வந்தது அவருடைய குரல். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு மாதமாக நான் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. உனக்கும் எழுதவில்லை.

தம்பி


நவம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கேள்விக்குப் பதில்: பயம். வேறு ஒன்றும் இல்லை. அவர் என் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். ஈரக் கையோடு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். உனக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தது, நீ வீட்டை விட்டுப் போகப் பயணச் சீட்டு வாங்கிக் கொடுத்தது, மாதம் ஒரு கடிதம் கேட்டது எல்லாம் அதற்குப் பிறகு செய்தவை. அப்போது செய்ய வேண்டியது கதவைத் திறப்பது ஒன்றுதான். செய்யவில்லை.

இனி குட்டி. அவளுக்கு அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, உனக்கும் இல்லை. இது எனக்கு இந்த வேலையில் தெரிந்த விஷயம், ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அட்டை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், கல்லூரிப் பெண்கள் செய்தது. அவள் டீச்சரிடம் போய் உள்ளதைச் சொல். சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எல்லோருக்கும் பொறுமை போய்விடுகிறது. எங்கள் கணக்கு டீச்சரே தன் மகனை இன்னொருத்தியிடம்தான் அனுப்புகிறாள். அதனால் குட்டியை வேறு யாராவது கேட்கட்டும். நீ அதே பள்ளியில் வேறு ஒரு பிள்ளை படிப்பதைக் கேள். சனிக்கிழமை உனக்குப் பாதி நாள் ஓய்வுதானே?

அப்பாவைப் பற்றி எழுதலாமா என்று நீ சொல்லவில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன், வேண்டாமென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடு. புதிதாக வருகிறவர்களுக்குத் தையற்கடை அம்மா அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார். போன மாதம் அப்பா கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. "அஞ்சு வரைக்கும் எண்ணிட்டுத்தான் சொல்லணும்" என்றார் அந்த அம்மா. அப்பா கையைத் தூக்கினார்.

"அஞ்சு எண்ணியும் வரலைன்னா?"

"மறுபடியும் எண்ணுங்க."

"அப்பவும் வரலைன்னா?"

"நீங்களே மெதுவா சொல்லிடுங்க சார். என்ன குடியா முழுகிப்போயிடும்?"

அப்பா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிள்ளைகளோடு உட்காரலாமா என்று இதுவரை அவர் கேட்கவில்லை. கேட்டாலும் நான் விடமாட்டேன்.

அன்புடன்,
அக்கா


டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ நலமா?

குட்டியின் டீச்சரிடம் போனேன். "பெஞ்சு எல்லாம் ஆடுது, நீங்க ஆசாரிதானே, வந்து சரி பண்ணிக் குடுங்க" என்றார். பண்ணித் தருகிறேன், பிள்ளைகள் படிப்பதையும் கேட்கிறேன் என்றேன். "உங்களுக்கு எதுவரைக்கும் படிப்பு?" என்று கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. உள்ளதைச் சொன்னேன். எட்டாவது, அதுவும் தட்டுத்தடுமாறி, எழுத்து ஓடும் என்று. டீச்சர் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் பெஞ்சு, அரை மணி நேரம் இரண்டு பிள்ளைகள். நான் ஐந்து வரை எண்ணுவதே இல்லை. அவர்கள் நிற்கும் சொல்லில் நானும் நிற்கிறேன். ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கும் வரலையா?" என்றாள். "வரலையே, ரெண்டு பேரும் சேந்து பாப்போமா?" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மூக்கு தாளில் இடிக்கப் படிக்கிறாள். டீச்சர் இன்னும் மூன்று பேரை என்னிடம் அனுப்பப் போகிறாராம்.

குட்டி படிப்பதைப் பக்கத்து வீட்டு மருந்துக்கடைப் பெண் கேட்கிறாள். உன் அட்டையைக் குட்டி வேறு யாருக்கும் தருவதில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது வரும் வயிற்று வலியும் நின்றுவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

உன் பதிலைப் படித்தேன். நீ சாக்குச் சொல்லவில்லை. கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், பெரும்பகுதி போய்விட்டது. தாண்டிவிடச் சொன்ன பத்தியையும் படித்தேன். இரண்டு தடவை.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 12

மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலம். அங்கு நலம் என்று அக்கா மூலம் தெரியும். இந்தக் கடிதத்தை அவள் பார்க்கவில்லை.

பள்ளியில் இரண்டாம் வகுப்புக் கதவைச் சாத்த முடிவதில்லை. கீழே தரையில் உரசுகிறது. பிள்ளைகள் இழுக்கும்போது கீல் கழன்று விழக்கூடும். அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதியாகிவிட்டது. நோட்டில் பார்த்தேன், வருகிறவர்களில் தச்சு வேலை தெரிந்தவர் இல்லை. பிப்ரவரி மாதம் வியாழக்கிழமை எல்லாம் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அந்த வகுப்பு மைதானத்தில் இருக்கும், அறை காலி.

நீ வந்தால் பெயர் எழுதிக்கொள்கிறேன். வராவிட்டால் வேறு ஆள் பார்க்கச் சொல்வார்கள். அதில் உன்மேல் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

வேறு சில விஷயங்களும் எழுத நினைத்தேன். சரியாக வரவில்லை.

அப்பா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்ததை வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன். குட்டி நலம், அவள் அம்மாவும் நலம். பஸ் ஏற்றிவிடும்போது நீ கேட்டாய், பள்ளியில் அந்த இரண்டு மணி நேரம் நீயும் அப்பாவும் என்ன பேசினீர்கள் என்று. அப்போது சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீ உன் கூட்டத்துக்குப் போனதும் கதவைக் கழற்றினேன். ஒற்றை ஆளாகக் கழற்றலாம், ஆனால் கனம். அவர் கேட்டிலிருந்து எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்தார். கதவைச் சாய்த்துவைத்து அடிப்பக்கத்தை இழைத்தேன். அவர் ஆடாமல் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் சீவல் விழும் சத்தம்தான். கை மெலிந்துவிட்டது அவருக்கு. நான் நினைத்து வைத்திருந்த கை அது இல்லை.

கதவை மாட்டி விளிம்பில் வார்னிஷ் அடித்தேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஈரம், தொடாதே" என்று எழுதி ஒட்டச் சொன்னார். நான் எழுதினேன். அதற்குள் மைதானத்திலிருந்து தண்ணீர் குடிக்க ஒரு பெண் ஓடி வந்தாள். அவள்தான் தும்பி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவரைப் பார்த்ததும் நின்றாள். அவரும் பார்த்தார். எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போட்டு, கேட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவள் வந்து சீட்டைப் பார்த்தாள். "ஈ... ர... ம்." மூச்சு வாங்கினாள். "தொ... டா... தே." படித்து முடித்துவிட்டு, ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். அவருடைய முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். இல்லை, சிரிக்கிறார். நானும் சிரித்துவிட்டேன். அவரோடு சேர்ந்து நான் எப்போது சிரித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

கருவிகளைப் பையில் எடுத்து வைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"பேத்தி எத்தனாவது?"

"ரெண்டாவதுப்பா."

"நல்லா படிக்கிறாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லப்பா. என்னை மாதிரிதான்" என்றேன்.

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சீவல் ஒன்று அவர் சட்டையில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"அவகிட்டக் கத்தாதடா."

"ஒரு தடவை கத்திட்டேன்ப்பா."

"போதும். அதோட நிறுத்திக்கோ. நான் நிறுத்தியிருக்கணும்."

அவ்வளவுதான் அக்கா. பிறகு அவர் நோட்டைக் கொண்டுவந்தார், நான் கையெழுத்துப் போட்டேன், நீ வந்துவிட்டாய்.

ஏப்ரல் விடுமுறைக்குக் குட்டியைக் கூட்டி வருகிறேன். நான்கு நாள் இருப்போம். அவரிடம் நீயே சொல்லிவிடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அவர் உடம்பையும்.

அன்புடன்,
தம்பி